எங்கள் வீட்டு ஓநாயை மான் துரத்திய கதை

நேற்று அந்திக்கு எங்கள் வீட்டு ஓநாய் உயிர் தப்பினால் போதும் என்று ஓடிவந்து சேர்ந்தது. துரத்தியது மான்.

திருகோணமலை மான்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கோட்டைக்குள் சாதுவாகப் புல் மேய்வதெல்லாம் கோணேசரைக் கும்பிட வருகிற வெளியூர்ச் சனத்துக்குக் காட்டுகிற முகம். ரோட்டில் இறங்கிவிட்டால் அதுகள் வேறு ஆட்கள். நடு ரோட்டில் நின்று அசைபோடும், ஹோர்ன் அடித்தால் 'என்ன அவசரம்' என்று திரும்பிப் பார்க்கும். குப்பையில் முட்டைக்கோவா இலை கிடந்தால் அது பரம்பரைச் சொத்து.

ஓநாய் என்பது தம்பியின் கணக்கு. கொழும்பில் வாங்கி வந்த அன்றே, "அக்கா, இதின்ர பூட்டன் அசல் ஓநாய்" என்றான். விற்றவன் சொன்னானாம். இலங்கைக் காட்டில் நரி உண்டு, ஓநாய் ஏது? பூட்டனார் எந்தக் கப்பலில் வந்து இறங்கினாரோ. "வளர்ந்த ஓநாய்க்குக் கண் மஞ்சளடா, இதுக்கு நீலமெல்லோ. ஓநாய்க்கு வால் நேராகத் தொங்கும், இதின்ர வால் முதுகில் சுருண்டு கிடக்கு" என்று சொல்லிப் பார்த்தேன். எனக்குப் பொறாமையாம்.

அது ஹஸ்கி நாய். சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பிறந்த சாதி, உடம்பில் இரண்டு அடுக்கு மயிர். அதைக் கொண்டுவந்து கச்சான் காற்று அனலாய் அடிக்கிற ஊரில் விட்டால் என்ன செய்யும்? நாள் முழுக்க ஹோலில் ஃபேனுக்கு நேர் கீழே நாலு காலையும் பரப்பிக்கொண்டு கிடக்கிறது. நாங்கள் சுவரோரமாக நடக்கிறோம். இரவு ரயில் கூவினால் மட்டும் எழும்பிச் சேர்ந்து ஊளையிடும். "ரத்தத்தில இருக்கு" என்பான் தம்பி. ரயிலுக்கும் பூட்டன் ஓநாயோ தெரியாது.

இதற்குள் தம்பிக்கு வீடியோ பார்த்து 'ஆல்பா', அதாவது ஓநாய்க் கூட்டத் தலைவன், ஆகும் பயிற்சி வேறு. அவன் சாப்பிட்ட பிறகுதான் அது சாப்பிட வேணுமாம், வாசலால் அவன்தான் முதலில் போக வேணுமாம். ஆல்பாக் கதையைப் பரப்பியவர்களில் ஒருவரான அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மீச்சே, காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் உள்ள குடும்பம்தான், அங்கே தலைமைக்குச் சண்டை பிடிப்பதெல்லாம் அரிது என்று 1999இல் எழுதிவிட்டார். அந்தக் கணக்கில் எங்கள் வீட்டுத் தலைமை யாரிடம் என்பதில் சந்தேகமே இல்லை. அப்பா இருமுவதென்றாலும் அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் இருமுவார்.

சரி, நேற்று. தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதை டச் பே கடற்கரைப் பக்கம் நடத்திப் போனான். குப்பையடியில் ஒரு கொம்பன் மான் கோவா இலையோடு நின்றது. இது மோப்பம் பிடிக்க மூக்கை நீட்ட, அது தலையைக் குனிந்து கொம்பைக் காட்டி ஒரே ஒரு அடி எடுத்து வைத்தது. அவ்வளவுதான். ஓநாய் தம்பியின் காலுக்குள்ளால் பூந்து, சங்கிலி காலைச் சுற்றி, ஆல்பா மணலில் குப்புற. வடை வண்டில்காரர் கத்தினாராம்: "தம்பி, உங்கட ஓநாய் ஓடுது!"

ஓடியது நேரே எங்கள் குசினிக்குள். அம்மாவின் சீலைக்குள் தலையை ஓட்டிக்கொண்டு நடுங்கியது. பின்னால் தம்பி, முழங்கையில் ரத்தம் வடிய. அம்மா அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "என்ர ராசாவைப் பயப்படுத்திப் போட்டுதுகள்" என்று சூடை மீனில் ஒவ்வொரு முள்ளாக எடுத்து, விரலால் நசித்துப் பார்த்து, சோற்றோடு பிசைந்து அதுக்குத் தீத்திவிட்டார்.

இராச் சாப்பாட்டுக்கு அதே சூடையில் எனக்கும் இரண்டு விழுந்தது. முள் தொண்டையில் குத்துகிறது என்றேன்.

"கண் இருக்குத்தானே, பாத்துத் தின்."