மச்சான் படகின் பின் சீட்டு

ஜூன் 1, 2025, ஞாயிறு

பள்ளி விடுமுறையின் முதல் ஞாயிறு. மச்சானின் படகில் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுப் பக்கம் மீன் பிடிக்கப் போனோம். மீன் கதை சொல்லும்படியாக இல்லை. என் மகன் பின் சீட்டில் தொப்பென்று உட்கார்ந்தான். தையல் வழியாகப் பழுப்புத் தண்ணீர் பீய்ச்சியடித்தது. அவன் கால்சட்டை, என் பை, நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் எல்லாம் நனைந்தன. இத்தனைக்கும் மழை பெய்து மூன்று நாளாகிறது.

முன் ஓரத் தையல் இரண்டு சாண் நீளத்துக்குப் பிரிந்து வாயைத் திறந்து கிடக்கிறது. வலது முனையில் போன வருடம் நான் போட்ட ஒட்டு. டியூப்பில் வரும் வினைல் பசை, கிட்டத்தட்ட அதே நிறத்தில் ஒரு துண்டு ரெக்சின், அரை நாள் வேலை. ஒட்டு கல் மாதிரி அப்படியேதான் இருக்கிறது. அதற்கு ஒரு விரல் தள்ளிப் புதிதாகக் கிழிந்திருக்கிறது. ஆள் உட்காரும்போது சீட்டு முழுவதும் இழுபடுகிறது, ஒட்டுப் போட்ட இடம் மட்டும் இழுபடுவதில்லை. அந்த விறைப்பின் ஓரத்தில்தான் அடுத்த கிழிசல் பிறந்திருக்கிறது.

பிரியாத இடத்துத் தையலை நகத்தால் கீறினேன். நூல் பொடியாக உதிர்ந்தது.

மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு, "டேப் போட்டா போதும் மாப்பிள்ளை" என்றார். ஏற்கனவே இரண்டு முறை டேப் போட்டிருக்கிறார். அந்தப் பசை கறுத்துப்போய் எல்லோர் தொடையிலும் ஒட்டுகிறது.

ஜூன் 3, செவ்வாய்

ஒரு குஷன் கடைக்குப் படம் அனுப்பினேன். ஒரு சீட்டு மட்டும் செய்ய மாட்டார்களாம். எல்லாச் சீட்டும் சேர்த்து 1,400 வெள்ளி. மச்சானிடம் சொன்னதும் அவர் குரலில் டேப் வாசனை அடித்தது. சரி, நானே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மாவிடம் தையல் மெஷின் இருக்கிற தைரியம்தான்.

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள், பொது விடுமுறை. மச்சான் காலையிலேயே சீட்டைக் கழற்றிக் காரில் போட்டு ஈசூனில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வீட்டு வாசலில், பொது நடைபாதையில் பழைய தமிழ் முரசு நாளிதழை விரித்து வேலையைத் தொடங்கினேன். ஆள் போக 1.2 மீட்டர் வழி விட்டுத்தான்.

குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 11.3 கிலோ. ஒரு மீட்டரும் கொஞ்சமும் நீளமுள்ள மெத்தை அது. பாதி எடை தண்ணீராகத்தான் இருக்கவேண்டும்.

தலைகீழாகப் போட்டால் அடியில் பிளைவுட் பலகை, அதன் ஓரமெங்கும் ஸ்டேப்பிள் ஊசிகள். சாதாரண இரும்பு. துருப்பிடித்துத் தலை ஒடிந்து, கால்கள் மரத்துக்குள்ளேயே நின்றுவிட்டன. ஒவ்வொன்றையும் குறடால் பிடுங்க மூன்று மணி நேரம் ஆனது. கணக்கு வைத்தேன், 126. இடது மூலையில் பிடுங்கவே வேண்டியிருக்கவில்லை. பலகை கேக் மாதிரி உதிர்ந்து ஊசியோடு கையில் வந்தது.

உறையை உரித்ததும் வந்த நாற்றத்தைப் பற்றி எழுதவேண்டாம் என்று பார்க்கிறேன். அம்மா உள்ளேயிருந்தே, "என்னடா, பெருச்சாளி செத்துக் கிடக்குதா?" என்றார். சரியாக அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) பெருநாள் பலகாரமாக லொந்தோங் சோற்றுக்கட்டியும் ரெண்டாங் இறைச்சியும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். மூக்கைப் பொத்தாமல் சிரித்தபடி கொடுத்துவிட்டுப் போனார். அவர் அவர்தான்.

ஸ்பாஞ்சை வெளியே எடுத்தபோதுதான் ஒரு பழைய சண்டை தீர்ந்தது. சீட்டின் மேல் இரண்டு வருடமாக ஒரு ரோஜா நிறக் கறை உண்டு. என் மகன் சிந்திய சிராப் பாண்டுங் (ரோஜா சர்பத் கலந்த பால்) என்று மச்சான் குடும்பமே நம்பியது. மச்சான் அதைப் பிளீச் ஊற்றி ஊற்றித் தேய்த்திருக்கிறார். ஸ்பாஞ்சில் அதே இடத்தில், அதே வடிவத்தில், இன்னும் அழுத்தமான ரோஜா நிறம். ஈர ஸ்பாஞ்சில் வளரும் நுண்ணுயிர்கள் சாயத்தைக் கக்கும். வினைலை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பசை அந்தச் சாயத்தை உள்ளே இழுத்து மேலே கொண்டுவந்துவிடும். மேலே எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பிளீச் செய்ததெல்லாம் வினைலின் மேல்பூச்சைத் தின்றதும், ஏற்கனவே வெயிலில் நொந்துபோன நூலை முடித்துவைத்ததும்தான்.

மகனிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி மச்சானுக்குப் படம் அனுப்பினேன். கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது.

ஜூன் 8, ஞாயிறு

ஸ்பாஞ்சை மின்விசிறிக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறேன். இரவெல்லாம் சொட்டுகிறது.

யோசித்துப் பார்த்தால் கோளாறு வரிசையாகத்தான் நடந்திருக்கிறது. வினைலுக்குள் புற ஊதாக் கதிரைத் தாங்கும் மருந்து கலந்திருப்பார்கள், நூலுக்கு அந்த வசதி குறைவு. நடுக்கோட்டுக்கு ஒரு டிகிரிக்கு மேலேதான் இருக்கிறோம், நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தொடுவது இங்கே அதிசயமில்லை. நூல் முதலில் சாகிறது. ஊசித்துளைகள் வழியே மழைத்தண்ணீர் இறங்குகிறது, ஸ்பாஞ்சு குடிக்கிறது. கீழே பலகையில் ஒரு துளைகூட இல்லை, மேலே வினைல் மூடி. வந்த தண்ணீருக்குப் போக்கிடமே கிடையாது. கிழிசல் கடைசியில் வந்தது, நான் போன வருடம் அதைத்தான் முதலில் ஒட்டினேன்.

ஜூன் 10, செவ்வாய்

அரை நாள் விடுப்பு. ஜாலான் புசாரில் இறங்கிக் கடை கடையாக ஏறினேன்.

படகுக்கான வினைல், 54 அங்குல அகலம், இரண்டு மீட்டர். பழைய சீட்டு வெள்ளை என்றுதான் நினைத்திருந்தேன். வெட்டி எடுத்துப்போன துண்டைப் புது வெள்ளையின் மேல் வைத்தால் அது தேநீரில் விழுந்த பிஸ்கட் நிறம். ஓரமாகக் கிடந்த ஒரு தந்த நிறம் ஓரளவு பொருந்தியது, அதையே எடுத்தேன்.

ஸ்பாஞ்சு கடையில் நடந்ததை எழுதியே ஆகவேண்டும். கடைக்கார அங்கிள் இரண்டு துண்டுகளை மேசைமேல் வைத்தார். பார்க்க ஒன்று போலவே இருந்தன. தன் தண்ணீர் புட்டியைத் திறந்து முதல் துண்டில் ஊற்றினார். தண்ணீர் ஒரு கணம் மேலே நின்று, அப்புறம் உள்ளே போய்க் காணாமல் போனது. இரண்டாவதில் ஊற்றினார். ஊற்றிய வேகத்திலேயே அடிவழியாகக் கொட்டி மேசையை நனைத்து என் செருப்பில் விழுந்தது. வடிகட்டி போல வலைவலையாக இருக்கும் ஸ்பாஞ்சு அது. விலை முதலாவதைப்போல் மூன்று மடங்கு. ஒரு வார்த்தை பேசாமல் புட்டியை மூடிவைத்தார். அதற்கப்புறம் நான் எப்படி விலை பேசுவது?

நூல்: முறுக்குப் பிரியாமல் பிசின் பூசிய பாலியெஸ்டர். நைலான் பலமானதுதான், ஆனால் வெயில் அதற்கு ஆகாது. பிடிஎஃப்இ (டெஃப்லான்) நூல் ஒன்றும் காட்டினார்கள், வெயில் அதை ஒன்றும் செய்யாது. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பழையபடி வைத்தேன். துருப்பிடிக்காத 316 ரக எஃகு ஸ்டேப்பிள் ஒரு பெட்டி, 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் ஒரு துண்டு.

ஸ்பாஞ்சைத் தோளில் சாய்த்துக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் வந்தேன். ஒரு பாட்டி அதன்மேல் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். இறங்கும்போது எழுப்பச் சங்கடமாக இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

விடிவதற்கு முன் சுமத்ராக் காற்று, மழையோடு வரும் சூறை. பிசின் பூசி நடைபாதையில் காயவைத்திருந்த புதுப் பலகையை இருட்டில் ஓடி உள்ளே இழுத்தேன். பூச்சில் நாலைந்து மழைத்துளிப் பள்ளங்கள். அடிப்பக்கம்தானே, இருக்கட்டும்.

ஜூன் 14, சனி

பழைய உறையைத் துண்டு துண்டாகப் பிரித்து, அதையே அளவாக வைத்துப் புது வினைலின் பின்பக்கம் வரைந்தேன். பேனாவை எடுத்ததும் அம்மா கையைத் தட்டிவிட்டார். பேனா மை வினைலுக்குள் ஊறி ஒரு நாள் முன்பக்கம் வந்து நிற்குமாம். ரவிக்கை தைக்கிறவருக்கு இது எப்படித் தெரியும்? தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த காலத்தில் அம்மா வீட்டு சோபாவுக்கு உறை தைத்து, அதில் மை ஏறி, பாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாராம். பென்சிலால் வரைந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

தையல் நாள்.

அம்மாவின் மெஷின் 1978ல் வாங்கிய கறுப்புச் சிங்கர். உள்ளே எல்லாம் இரும்பு. இருந்தாலும் வீட்டு மெஷின், குஷன் கடைகளில் மேல்பாதமும் சேர்ந்து துணியை நகர்த்துகிற மெஷின் மாதிரி இல்லை. நான் வாங்கிவந்த வி-92 என்ற தடித்த நூலைப் பார்த்ததுமே, "இது கயிறு" என்றார். தைத்துப் பார்த்தோம், அடியில் நூல் சிக்கிக் கூடு கட்டியது. நல்லவேளையாக ஒரு படி மெலிந்த வி-69 சுருள் ஒன்றும் வாங்கியிருந்தேன். 18ஆம் எண் ஊசி.

குண்டூசி கூடாது. துணியில் குத்தினால் துளை மூடிக்கொள்ளும், வினைலில் குத்தியது குத்தியதுதான். அம்மா மூங்கில் கம்பிலிருந்து துணி கிளிப்புகளை எல்லாம் உருவிக்கொண்டு வந்து ஓரமெங்கும் மாட்டினார். ஈரத்துணிகள் நாற்காலிகளுக்கு இடம் மாறின.

மெஷினின் பாதம் வினைலில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. இடையில் மெல்லிய டிஷ்யூத் தாளை வைத்துத் தைத்து, அப்புறம் தாளைக் கிழித்தெடுத்தோம். தையல் நீளம் 4 மில்லிமீட்டர். நான் பலமாக இருக்கட்டும் என்று நெருக்கித் தைக்கப்போனேன்.

"கிட்டக்கிட்டப் போட்டா தபால்தலை மாதிரி கிழியும்டா. ஓட்டை வரிசையாத்தானே கிழியுது?"

பழைய சீட்டில் தையலின் இருபக்கமும் அழகுக்காக இரட்டைக் கோடு ஓடும். அம்மா அதை வேண்டாம் என்றார். வெயிலில் நூலைக் காட்டவும் கூடாது, தண்ணீருக்கு இன்னும் இருநூறு ஓட்டை போட்டுத் தரவும் கூடாது. நான் வாதாடவில்லை. உள்பக்கமாக ஒரே தையல், மடிப்பு உள்ளே. மூலையில் நாலு மடிப்பு சேரும் இடத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை ஒவ்வொரு குத்தாக இறக்கினார். மூச்சை அடக்கிக்கொண்டு இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊசி ஒன்று ஒடிந்தது, ஒன்றுதான்.

ஜூன் 21, சனி

புதுப் பலகையில் 12 மில்லிமீட்டர் துளைகள் ஆறு போட்டு, துளையின் உள்விளிம்பிலும் பிசின் தடவியிருந்தேன். அதன்மேல் ஸ்பாஞ்சு, அதன்மேல் உறை. உறை ஒரு விரற்கடை சிறியது! நெஞ்சு திக்கென்றது. அம்மா சிறியதாகத்தான் வெட்டினாராம், சொல்ல மறந்துவிட்டார்.

முடி உலர்த்தியால் சூடு காட்டியதும் வினைல் தோசை மாவு போல இளகிவிட்டது. இழுத்து, நடுவில் ஒரு ஸ்டேப்பிள், எதிர்ப்பக்கம் நடுவில் ஒன்று, அப்புறம் நடுவிலிருந்து மூலைக்கு. மூலைக்குப் போய்விட்டு நடுவுக்கு வந்தால் சுருக்கம் விழும். அப்படியும் வலது முன் மூலையில் ஒரு சுருக்கம். மூன்று முறை பிடுங்கி அடித்தேன். நாலாவது முறை அடிக்கப்போனால் பலகைதான் சல்லடையாகும் என்று விட்டுவிட்டேன்.

எடை 4.1 கிலோ.

ஜூன் 22, ஞாயிறு

படகில் மாட்டினோம். மற்ற சீட்டுகளுக்கு நடுவில் புதுப் பல் கட்டியது போலத்தான் தெரிகிறது. மச்சான் முதலில் பார்த்தது அந்தச் சுருக்கத்தைத்தான். இரண்டாவதாக, "அந்த டபுள் கோடு எங்க?" என்றார். அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். பேச்சை மாற்றினார்.

மகன் ஒரு வாளித் தண்ணீரைச் சீட்டின் மேல் ஊற்றிவிட்டு அடியில் படுத்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் முதல் துளையில் ஒரு சொட்டு, இரண்டாவதில் ஒரு சொட்டு. "வருது வருது" என்று கத்தினான். ஏறி நின்று மூன்று முறை குதித்தான். யார் காலும் நனையவில்லை.

மச்சான் மூலையில் எங்கிருந்தோ பிளீச் புட்டியை எடுத்தார். வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். மிதமான சோப்பும் தண்ணீரும் போதும் என்று சொன்னதற்குத் தலையாட்டினார், எவ்வளவு தூரம் என்று தெரியாது.

கிளம்பும்போது அவர் கயிறு அவிழ்க்க முன்னால் போயிருந்தார். ஓட்டுநர் சீட்டின் ஓரத் தையலை நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தேன். பொடியாக வந்தது. விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அதன்மேல் துண்டைப் போட்டு உட்கார்ந்தேன்.