சார்லி வாசிக்காத ஸ்டோன்ஸ்

2021 ஆகஸ்ட் முதல் வாரத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் தரப்பிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. குழுவின் டிரம்மர் சார்லி வாட்ஸுக்கு ஒரு சிகிச்சை நடந்து நல்லபடியாக முடிந்திருக்கிறது, ஆனால் உடம்பு தேற நாளாகும், செப்டம்பரில் தொடங்கும் அமெரிக்கப் பயணத்தில் அவருக்குப் பதிலாக ஸ்டீவ் ஜோர்டன் டிரம்ஸ் வாசிப்பார் என்று. இந்த ஒரு தடவை என் டைமிங் கொஞ்சம் தப்பிவிட்டது என்று சார்லியும் அதில் சொல்லியிருந்தார். 58 வருஷம் ஒரே குழுவுக்குக் காலம் பிடித்தவர் சொன்னது. சரி, பயணம் முடிவதற்குள் வந்து உட்கார்ந்துவிடுவார் என்றுதான் நினைத்தோம். ஆகஸ்ட் 24-ஆம் தேதி லண்டனில் ஒரு மருத்துவமனையில் இறந்துபோனார். வயது 80.

எனக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. யாருக்கு என்ன ஆச்சு என்று வீட்டில் கேட்டார்கள். சொன்னேன். புரிந்துகொண்டார்கள், ஏனென்றால் இந்த வீட்டில் அந்த ஆள் போடும் தாளம் கேட்காத வாரமே கிடையாது.

நான் பெங்களூர் அல்சூர்க்காரன். கல்யாணம், கோயில் திருவிழா, சர்ச் விழா என்று மேடை மேடையாக ஆர்க்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் வாசித்தவன். எனக்குக் கற்றுக்கொடுத்த அண்ணன் மேடையில் இளையராஜா பாட்டுகளை வாசிப்பார், வீட்டுக்கு வந்தால் ஸ்டோன்ஸ் கேசட்டைப் போட்டுவிடுவார். ஒருநாள் அவர்களுடைய கச்சேரி வீடியோ ஒன்றைப் போட்டு, பாடகர் மிக் ஜாகர் ஆடுவதை எல்லோரும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது என் தலையைப் பிடித்துத் திருப்பினார். “அங்க என்னடா பாக்குற? பின்னாடி உக்காந்திருக்கிறவரோட வலது கையைப் பாரு.”

அந்தக் கையைப் பற்றிக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். சாதாரண ராக் தாளத்தில் வலது கை ஹை-ஹேட் என்ற ஜோடித் தட்டில் ஒரு சுற்றுக்கு எட்டு அடி அடித்துக்கொண்டே போகும். இடது கை ஸ்நேர் என்ற சின்ன டிரம்மில் இரண்டாவது எண்ணிக்கையிலும் நான்காவதிலும் விழும். ஸ்நேர் விழும் நேரத்திலும் வலது கை நிற்காது, இரண்டும் சேர்ந்துதான் விழும். சார்லி அப்படி வாசிக்க மாட்டார். ஸ்நேர் விழுகிற அந்தக் கணத்தில் வலது கையைத் தூக்கிவிடுவார். எட்டு அடி ஆறாகிவிடும். பக்கத்தில் வேறு சத்தமே இல்லாமல் ஸ்நேர் மட்டும் தனியாகக் கேட்கும். பாட்டு வேகமாகப் போனாலும் சரி, மெதுவாகப் போனாலும் சரி, அந்தக் கை எழும்பி எழும்பி இறங்கும். “ரெண்டு அடியை மிச்சம் பிடிக்கிறாரு பாரு. அந்த மிச்சத்துலதான்டா பாட்டு மூச்சு விடுது” என்பார் அண்ணன். நான் வாசித்துப் பார்த்திருக்கிறேன். கையைத் தூக்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தூக்கியும் ஓட்டம் குலையாமல் இருப்பதுதான் கஷ்டம்.

இன்னொன்றும் உண்டு. மற்ற குழுக்களில் டிரம்ஸ்காரரைப் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் போவார்கள். ஸ்டோன்ஸில் கீத் ரிச்சர்ட்ஸின் கிதார் முன்னால் போகும், சார்லி அதைக் கேட்டு, மயிரிழை பின்தங்கி விழுவார். பாட்டு கலைந்துவிடப்போகிறது என்று தோன்றும், கலையாது. அந்தத் தள்ளாட்டம்தான் ஸ்டோன்ஸ். மேடையில் பாடகரைவிட டிரம்ஸ் சத்தமாக இருந்தால்தான் கைதட்டு என்று நம்பிக்கொண்டிருந்த வயதில், அடங்கி வாசிப்பதிலும் கம்பீரம் உண்டு என்று எனக்குக் காட்டியவர் அவர்.

2003 ஏப்ரல் 4-ஆம் தேதி அவர்கள் எங்கள் ஊருக்கே வந்தார்கள். பேலஸ் கிரவுண்ட்ஸ். இந்தியாவில் அவர்கள் நடத்திய முதல் கச்சேரி அது, மூன்று நாள் கழித்து மும்பையில் பிரபோர்ன் ஸ்டேடியத்தில் இன்னொன்று. சார்ஸ் பரவியதால் ஹாங்காங், சீனக் கச்சேரிகள் ரத்தாகிக்கொண்டிருந்த நேரம், இங்கேயும் ரத்தாகிவிடுமோ என்று பயந்துகொண்டே அண்ணனும் நானும் போனோம். அவ்வளவு பெரிய மேடையில் அவ்வளவு சின்ன டிரம் செட். 1950-களில் கிரெட்ஷ் கம்பெனி செய்த பழைய செட், மேலே ஒரு டாம் டிரம், தரையில் ஒன்று, சில சிம்பல் தட்டுகள். எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவில்கூட இதைவிட அதிகமாக வைத்துக்கொண்டு உட்காருவோம். ஜாகர் குழுவினரை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தியபோது சார்லி பெயருக்கு எழுந்த ஆரவாரம் அடங்கவே இல்லை. அண்ணன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இறந்த செய்தி வந்த அன்று அண்ணனே போன் செய்தார். “தம்பி, விஷயம் தெரியுமா?”

“பாத்தேன்ணே.”

ரொம்ப நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார், “இனிமே யாரு வேணா வாசிக்கலாம்டா. கையை யாரு தூக்குவா?”

அந்த வாரம் உலகம் முழுக்க ரசிகர்கள் அழுதார்கள். கீத் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, ‘மூடப்பட்டது’ என்று பலகை தொங்கும் டிரம் செட்டின் படத்தை மட்டும் போட்டார். மிக், சார்லி டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து சிரிக்கும் படத்தைப் போட்டார். பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி வீடியோவில் பேசினார். ரசிகர்கள் பலர் பகிர்ந்தது அந்த ஆம்ஸ்டர்டாம் கதையை. ‘என் டிரம்மர் எங்கே’ என்று குடிபோதையில் மிக் போனில் கேட்க, சார்லி முகம் மழித்து, சூட் போட்டுக்கொண்டு வந்து மிக்கை ஒரு குத்து விட்டார் என்று கீத் எழுதிய கதை. எனக்கு அதைப் பரப்புவதில் விருப்பமில்லை. சார்லியே அதைப் பெருமையாக நினைத்ததில்லை, குடிக்காமல் இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்றார். 80 வருஷம் வாழ்ந்த மனிதரை ஒரு குத்தை வைத்து நினைத்துக்கொள்ள வேண்டுமா?

நினைத்துக்கொள்ள வேறு எவ்வளவோ இருக்கிறது. லாரி ஓட்டுநரின் மகன். சின்ன வயதில் வாங்கிய பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் கைக்குச் சரிவராததால், கழுத்தைக் கழற்றிவிட்டு அதன் வட்டத்தை ஒரு ஸ்டாண்டில் வைத்து ஸ்நேராக்கிக்கொண்டவர். ஜாஸ் டிரம்மர் சிக்கோ ஹாமில்டன் குச்சிக்குப் பதில் பிரஷ்ஷில் வாசித்ததைக் கேட்டு வந்த ஆசை அது. ஹாரோவில் ஓவியம் படித்து, விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பு வேலை பார்த்து, 1963 ஜனவரியில் ஸ்டோன்ஸில் சேர்ந்தார். மனசு மட்டும் கடைசிவரை ஜாஸில்தான். சுற்றுப்பயணத்தில் தான் படுத்த ஒவ்வொரு ஹோட்டல் கட்டிலையும் 1967-லிருந்து நோட்டில் வரைந்து வைத்தார். மற்றவர்கள் விருந்துக்குப் போயிருக்கும்போது இவர் அறையில் உட்கார்ந்து கட்டிலை வரைந்துகொண்டிருப்பார் என்பதை நினைத்தாலே எனக்கு அவர்மேல் பாசம் பொங்கும். பழைய கார்களைச் சேர்த்தார், ஓட்டத் தெரியாது. 1964-ல் ஷெர்லியைக் கல்யாணம் செய்துகொண்டார், சாகும்வரை அவரோடுதான் வாழ்ந்தார். 2022 டிசம்பரில் ஷெர்லியும் போய்விட்டார்.

நான் அடிக்கடி போட்டுப் பார்ப்பது 2020 ஏப்ரல் வீடியோவை. ஊரடங்கு நேரம், நான்கு பேரும் அவரவர் வீட்டிலிருந்து ‘யூ கான்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வான்ட்’ வாசிக்கிறார்கள். மற்றவர்களிடம் கிதார் இருக்கிறது. சார்லிக்கு முன்னால் டிரம் செட் இல்லை. காதில் ஹெட்போன், கையில் குச்சிகள், எதிரில் கருவிகள் வைக்கும் பெட்டிகள், பக்கத்தில் சோபாவின் கைப்பிடி. அவ்வளவுதான். பெட்டி ஸ்நேராகிறது, சோபா சிம்பலாகிறது, முகத்தில் குறும்புச் சிரிப்பு. 1969-ல் வெளிவந்த அந்தப் பாட்டின் பதிவில் டிரம்ஸ் வாசித்தது சார்லி இல்லை. அந்தத் தாளம் அவருக்கு உடனே பிடிபடாததால் தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர் வாசித்தார். அப்புறம் அதைக் கற்றுக்கொண்டு ஐம்பது வருஷம் மேடையில் வாசித்தார் சார்லி. அடுத்தவர் போட்ட தாளத்தை வீம்பில்லாமல் எடுத்து வாசிக்கும் மனசு எத்தனை பேருக்கு வரும்?

2021 செப்டம்பர் 26-ஆம் தேதி செயின்ட் லூயிஸில் பயணம் தொடங்கியபோது, காலி மேடையில் டிரம்ஸ் சத்தம் மட்டும் கேட்க, திரையில் சார்லியின் படங்கள் ஓடின. அதற்குப் பிறகுதான் குழு வந்தது. அவர் இல்லாமல் நாங்கள் போகும் முதல் பயணம் என்று மிக் கூட்டத்திடம் சொன்னார். இந்தப் பதிவுகளைப் பார்த்துவிட்டு, சார்லி இல்லாமல் இனி எதற்கு, நிறுத்திவிடலாமே என்று என் நண்பர்கள் சிலர் கேட்டார்கள். கோபத்தில் கேட்டது, துக்கத்தில் கேட்டது. எனக்கும் முதலில் ஸ்டீவ் ஜோர்டன் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே முடியவில்லை. அவர் சாதாரண ஆளில்லை, 1980-களிலிருந்து கீத்தோடு வாசித்தவர். அடி அழுத்தமாக விழும், காலம் இம்மி பிசகாது. ஆனால் அந்தத் தள்ளாட்டம் இல்லை.

2023 அக்டோபரில் ‘ஹாக்னி டயமண்ட்ஸ்’ ஆல்பம் வந்தது. பெரும்பாலான பாட்டுகளில் ஜோர்டன். ‘மெஸ் இட் அப்’, ‘லிவ் பை தி ஸ்வோர்ட்’ இரண்டில் மட்டும் சார்லி, 2019-ல் பதிவானவை. இரண்டாவதில் 1993-ல் குழுவை விட்டு விலகிய பில் வைமனைக் கூப்பிட்டு பேஸ் கிதார் வாசிக்க வைத்திருக்கிறார்கள். தாளத்தைத் தாங்கிய டிரம்ஸும் பேஸுமான அந்தப் பழைய ஜோடி கடைசியாக ஒரு தடவை சேர்ந்து நிற்கிறது, ஒருவர் போன பிறகு. அண்ணன் வீட்டில் இரண்டு பேரும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். அப்புறம் ஜோர்டன் வாசித்த பாட்டுகளையும் முழுசாகக் கேட்டோம். தனக்கு ஏதாவது ஆனால் அந்த இடத்துக்கு ஸ்டீவ்தான் என்று கைகாட்டியது சார்லியேதான் என்று கீத் சொல்லியிருக்கிறார். அவரே சொன்ன பிறகு நாம் என்ன சொல்வது? வாசிக்கட்டும்.