சித்தி வீட்டுக் குசினியும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும்

2023 ஓகஸ்ட் கடைசியில் சித்தி வீட்டுக்கு ஒரு பெடியன் கமராவோடு வந்தான். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு ஊர், பெயர் போடவில்லை, ஏன் என்பது வாசிக்க விளங்கும். சித்தப்பா தவறி இரண்டு வருசம், வீட்டு வேலை பாதியில் நிற்கிறது, குசினிக்குத் தகரக் கூரை. "அன்ரி, ரெண்டு நிமிசம்தான், வெளிநாட்டில இருக்கிற அண்ணாமார் பாத்தா உதவி செய்வினம்" என்றான். சித்தி மறுக்கவில்லை, மறுக்கக்கூடிய நிலையிலும் அவ இருக்கவில்லை. அரிசிப் பானையைத் திறந்து காட்டச் சொன்னான், காட்டினா. சித்தப்பாவைப் பற்றி அவ அழும் வரைக்கும் திரும்பத் திரும்பக் கேட்டான். பிறகு ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்து இறங்கிய பதினாலு வயது மகளையும் பக்கத்தில் நிறுத்தி, பெயர் கேட்டு, பள்ளிக்கூடம் கேட்டு, வகுப்புக் கேட்டு, எல்லாவற்றையும் அப்படியே இன்ரநெற்றில் ஏற்றிவிட்டான்.

உதவி வந்தது, அதை மறைக்கக் கூடாது. கனடாவில் இருந்து ஒருவர் மூன்று மாதம் காசு அனுப்பினார். ஆனால் காணொளிக்குக் கீழே வந்த கருத்துகளில் பாதிக்கு மேல் பிள்ளையைப் பற்றி. அவளின் வயது என்ன, ஆள் வடிவு, கட்டிக்கொடுப்பினமோ என்று, பெற்ற பிள்ளைகள் இருக்கிற வயது ஆம்பிளைகள் எழுதியிருந்தார்கள். இரண்டு கிழமையில் யாரோ அவள் நிற்கிற துண்டை மட்டும் வெட்டி, பாட்டுப் போட்டு விட, அது ஊர்ப் பெடியளின் வட்ஸ்அப் குழுக்களுக்குள் வந்துவிட்டது. அவள் ரியூசனை நிறுத்தினாள். பிறகு படலையைத் தாண்டுவதே இல்லை என்றாகிவிட்டது.

அந்தப் பெடியனிடம் எடுக்கச் சொன்னோம், "அது நல்லா ஓடிக்கொண்டிருக்குது அக்கா" என்றான். காணொளி இருந்த தளத்துக்கு முறைப்பாடு போட்டோம், எங்கள் விதிகளை இது மீறவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. பொலிசுக்குப் போனோம். சித்தி தமிழில் சொல்லச் சொல்ல அங்கே சிங்களத்தில் எழுதி, கையெழுத்து வாங்கினார்கள். என்ன எழுதினார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

சரியாக அந்த நேரத்தில்தான், செப்டெம்பரில், இணையத்தில் போடுவதைக் கட்டுப்படுத்த இலங்கை அரசு எழுதிய நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் வர்த்தமானியில் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், நான் அதை நம்பிக்கையோடுதான் திறந்தேன். இணையத்துக்கு அரசு ஒரு கட்டுப்பாடும் போடக்கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. அந்தக் கிழமைகளில் யாராவது ஒரு அதிகாரி, ஒரு நீதவான், யாரென்றாலும் பரவாயில்லை, "இதை எடு" என்று அந்தப் பெடியனுக்குச் சொல்லமாட்டாரா என்று இரவிரவாக நினைத்திருக்கிறேன்.

வாசித்து முடிக்கத்தான் விளங்கியது, அந்தச் சட்டத்தின் அச்சாணி "பொய்யான கூற்று" என்ற சொல். ஜனாதிபதி நியமிக்கிற ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்று, ஒரு கூற்றைத் தடைசெய்யப்பட்டது என்று முடிவெடுத்தால், அதைப் போட்டவர் 24 மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும். தேசிய பாதுகாப்புக்கோ பொது ஒழுங்குக்கோ அச்சுறுத்தல் என்று குற்றமாக்கினால் 5 வருசம் வரை சிறை. சித்தியின் காணொளியில் பொய் என்று எதைக் காட்டுவது? பானையில் அரிசி இல்லாதது உண்மை. பிள்ளையின் பெயர் உண்மை, பள்ளிக்கூடம் உண்மை, சித்தியின் கண்ணீரும் உண்மை. அவ்வளவும் உண்மை என்பதால்தான் அந்தக் காணொளி பிள்ளையை அப்படி உயிரோடு கொன்றது. தனிப்பட்ட தகவலைப் போட்டுத் தொந்தரவு செய்வது குற்றம் என்று ஒரு பிரிவு இருக்கிறது, சிறுவர்களைப் பாதுகாக்கவும் ஏற்பாடு இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொந்தரவு செய்கிற நோக்கத்தோடு போட்டதாக இருக்க வேண்டும். அந்தப் பெடியனைக் கேட்டால் நான் உதவி செய்யத்தானே போட்டேன் என்பான், அவன் அதை நம்பித்தான் சொல்வான்.

எங்களுக்கு உதவாத அந்தச் சொல், மற்றப் பக்கம் எங்களையே பிடிக்கும். 2009இல் வன்னியில் எத்தனை பேர் செத்தார்கள்? ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இல் 40,000 வரை இருக்கலாம் என்றது, கொழும்பு அதை ஏற்கவே இல்லை. இந்த மே மாதம் நான் முகநூலில் ஒரு எண்ணை எழுதினால் அது பொய்யா உண்மையா என்று அந்த ஐந்து பேரில் யார் சொல்வார்? எங்கள் ஊரில் அநேகமான வீடுகளில் அந்த எண்ணுக்குள் ஒருவராவது இருக்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் பெரிய பயம். தமிழை யார் வாசிப்பார்கள்? மன்னார்ப் பக்கத்துக் கவிஞர், ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம். 2020 மே மாதம் அவரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள், தமிழ்க் கவிதைகள் எழுதியதற்காக. தீவிரவாதத்தைத் தூண்டுகிற கவிதைகள் என்று வழக்கு. தமிழ் தெரிந்தவர்கள் வாசித்துவிட்டு, வன்முறைக்கு எதிராக அல்லவா எழுதியிருக்கிறார் என்று தலையில் கை வைத்தார்கள். ஒன்றரை வருசத்துக்கு மேல் உள்ளே இருந்து, பிணையில் வந்து, 2023 டிசம்பரில்தான் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அடுத்த மாதமே, 2024 ஜனவரி 24, பாராளுமன்றம் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை 108க்கு 62 என்று நிறைவேற்றியது. உயர் நீதிமன்றம் ஏகப்பட்ட பிரிவுகளைத் திருத்தச் சொல்லியிருந்தது, சொன்ன திருத்தம் எல்லாம் உள்ளே வரவில்லை என்று சபாநாயகருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணைகூடக் கொண்டுவந்து பார்த்தார்கள், தோற்றுப்போனது.

இந்த நாட்டில் பூட்டுப் போடுவது புதிதும் இல்லை. 2007இல் தமிழ்நெற் என்ற செய்தித் தளத்தை முடக்கினார்கள். 2018 மார்ச்சில் கண்டிப் பக்கத்துத் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையின்போது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் நின்றது. அதில் ஒரு நியாயம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், முஸ்லிம் கடைகளை எரிக்கச் சொல்லிச் சிங்களத்தில் பதிவுகள் பரவிக்கொண்டிருந்தன, பேஸ்புக் நிறுவனம் தங்கள் தளம் அதற்குப் பயன்பட்டதற்கு 2020இல் மன்னிப்புக் கேட்டது. ஆனால் 2022 ஏப்ரல் 3 முடக்கத்துக்கு என்ன நியாயம்? அப்போதைய ஜனாதிபதி கோத்தாபயவுக்கு எதிராகச் சனம் வீதிக்கு இறங்கப் போகிறது என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை, பிற்பகலே திறக்க வேண்டியும் வந்தது. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி பிபிசி தமிழோசை கேட்ட ஊர் இது. அம்மப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்ற, நாங்கள் சுற்றிவர இருந்து கேட்டது எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கிறது. செய்தியைப் பூட்டினால் சனம் வேறு வழி பார்க்கும். சித்தியின் மகளுக்கு என்ன வழி?

2024இல் ஆட்சி மாறியது. சட்டத்தைத் திருத்துவோம் என்றார்கள். அதே வருசம் மாவீரர் நாளை ஒட்டி முகநூலில் படம் போட்டதற்குக் கைதுகள் நடந்தன, அதுவும் பழைய பயங்கரவாதத் தடைச் சட்டத்தில்தான். அதனால் திருத்துகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். எது பொய் என்று தீர்ப்புச் சொல்கிற வேலையை அந்த ஐந்து பேரிடம் கொடுக்காதீர்கள், அதை நீதிமன்றம் பார்க்கட்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் முகமும் பள்ளிக்கூடமும் வெளியில் வந்தால், போட்டவரின் நோக்கம் என்னவாக இருந்தாலும், தாய் கேட்ட அன்றே எடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் கேட்டுத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிற ஒரு பெண் உத்தியோகத்தரை ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் இருத்துங்கள். இதற்கு ஆணைக்குழு எதற்கு, மேசையும் கதிரையும் தமிழ் தெரிந்த ஒரு ஆளும் போதும்.

எங்கள் காணொளி எப்படிப் போனது என்று கேட்பீர்கள். அந்தப் பெடியனின் தாய் கோயிலில் பெரியம்மாவுக்குத் தெரிந்தவ. நாங்கள் மூன்று பேர் அவர்களின் வீட்டுக்கே போனோம். தாய் அந்தக் கருத்துகளை முதல்முறையாக வாசித்தா, மகனைக் கூப்பிட்டா, எங்களுக்கு முன்னாலேயே அழிக்க வைத்தா. அதற்குள் மூன்று மாதம் போய்விட்டது. வெட்டிய துண்டு இன்னும் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறது, இந்த வருசம்கூட ஒருவர் சித்திக்கு அனுப்பி "இது உங்கட பிள்ளையோ" என்று கேட்டிருக்கிறார்.

இப்படி யாருக்காவது நடந்திருந்தால், எடுக்கச் சொல்லிக் கேட்பதற்கு முதல் காணொளியின் இணைப்பையும், திகதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷொட்டும், கருத்து எழுதியவர்களின் பெயரும் எடுத்து வையுங்கோ, அழித்த பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. நாங்கள் எடுத்து வைக்கவில்லை. பொலிசில் விளங்காத மொழியில் எழுதினால் கையெழுத்து வைக்காமல் தமிழில் கேளுங்கோ, அது உங்கள் உரிமை. தனியப் போகப் பயமாக இருந்தால் எனக்கு எழுதுங்கோ, யாழ்ப்பாணத்துக்குள் என்றால் நானும் கூட வாறன்.