பி.எட். சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி: எந்தப் பள்ளிக்கு அனுப்புவீர்கள்?

டிகிரி ரிசல்ட் வந்ததும் எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து யாராவது போன் செய்வார்கள். "அக்கா, பி.எட். சேரலாம்னு இருக்கேன். எந்தக் காலேஜ் நல்லா இருக்கும்?" கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்குப் பதில் சொல்வது லேசில்லை. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு கல்வியியல் கல்லூரியின் பெயர்ப்பலகை கண்ணில் படும். கட்டணம், பஸ், விடுதி எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புவார்கள் என்று மட்டும் அநேகமாக யாரும் கேட்பதில்லை. நான் முதலில் கேட்கச் சொல்வது அதைத்தான்.

காரணம் இதுதான். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள் வந்த பிறகு, 2015-16 முதல் பி.எட். 2 ஆண்டுப் படிப்பு. இதில் மொத்தம் 20 வாரம் பள்ளி சார்ந்த பயிற்சி: முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம். வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை போதும் என்று சொல்லும் அதே விதி, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் கேட்கிறது. எது முக்கியம் என்பதை விதியே சொல்லிவிட்டது. ஆனால் நடைமுறையில் அந்த 16 வாரம்தான் ரெக்கார்டு எழுதுவதிலும், சார்ட் ஒட்டுவதிலும், பள்ளியில் ஆள் இல்லாத வேலைகளைச் செய்வதிலும் கரைந்துபோகிறது. படிப்பின் மற்றப் பகுதிகளை எல்லாம் அந்த 16 வாரத்துக்கான தயாரிப்பாக அமைத்துக்கொண்டால் இந்த 2 ஆண்டும் உங்களுக்கு உபயோகப்படும்.

சேர்வதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரிக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரமும், 2008-இல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் இருக்க வேண்டும். ஒன்று இருந்து இன்னொன்று இல்லாவிட்டால் பயனில்லை. உங்கள் டிகிரிப் பாடத்துக்கான கற்பித்தல் முறைப் பாடம் அங்கே இருக்கிறதா, அதற்கு நிரந்தரமாக ஓர் ஆசிரியர் இருக்கிறாரா என்றும் பாருங்கள். "வரவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று யாராவது சொன்னால் அந்த வாசலை விட்டு இறங்கிவிடுங்கள். அப்படிப் படித்து வாங்கும் சான்றிதழோடு ஒரு நாள் நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கப் போவது நீங்கள்தான். அந்தப் பிள்ளைகளுக்கு அது பெரிய அநியாயம்.

சரி, உள்ளே போவோம்.

முதலாண்டில் நுண்நிலைக் கற்பித்தல் வரும். 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் கருத்துச் சொல்லல், 12 நிமிடம் மறுபடி திட்டமிடல், பிறகு 6 நிமிடம் மறு கற்பித்தல், 6 நிமிடம் மறு கருத்து என்று 36 நிமிடச் சுற்று. 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறை. உடன் படிப்பவர்களே ஏழாம் வகுப்புப் பிள்ளைகளாக உட்கார்ந்திருப்பார்கள். சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பிலேயே பலர் இதைக் கடந்துபோய்விடுகிறார்கள். நான் இதைப் பெரிதாக மதிக்கிறேன். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் நன்றாகச் செய்ய யாராலும் முடியாது. ஒரு திறனை மட்டும் தனியே எடுத்துப் பழக இந்தப் படிப்பு தரும் ஒரே இடம் இது.

தொடங்குதல், விளக்குதல், வலுவூட்டல், கரும்பலகை பயன்படுத்துதல் என்று பல திறன்கள் உண்டு. என்னைக் கேட்டால் கிளர்வினாத் திறனில்தான் அதிக உழைப்பைப் போடச் சொல்வேன். பிள்ளை பாதி விடை சொல்கிறது, அல்லது தவறாகச் சொல்கிறது. அந்த இடத்தில் "தப்பு, உட்காரு, அடுத்து நீ சொல்லு" என்று போகாமல், அதே பிள்ளையிடம் இன்னொரு கேள்வி, அதிலிருந்து இன்னொன்று என்று கேட்டுச் சரியான இடத்துக்குக் கொண்டுவருவது. உடன் படிப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: "சும்மா சரியா விடை சொல்லாதீங்க, பிள்ளைங்க எப்படித் தப்பாச் சொல்லுமோ அப்படிச் சொல்லுங்க." செடிக்கு உணவு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் "மண்ணிலிருந்து", "உரத்திலிருந்து" என்று சொல்லட்டும். அப்போதுதான் அந்த 6 நிமிடத்தில் வேலை இருக்கும்.

அப்புறம் அந்த முதல் 4 வாரம். பெரும்பாலும் உற்றுநோக்கல். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே என்று போனை எடுத்துவிடாதீர்கள். படிவத்தில் "பாட அறிமுகம் நன்று, வகுப்பறை மேலாண்மை நன்று" என்று நிரப்புவதைத் தாண்டி, தனியாக ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு எத்தனை நொடி காத்திருக்கிறார்? கேள்விகள் எந்தப் பக்கத்து பெஞ்சுக்கே போகின்றன? பாடம் கேட்காமல் இருக்கும் பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கிறது? கரும்பலகையில் எழுதியதை எழுதாமல் விட்ட பிள்ளைக்குப் பார்வை சரியாக இருக்கிறதா? இதெல்லாம் பின்னால் உட்கார்ந்தால் மட்டுமே தெரியும். வேலைக்குப் போன பிறகு அந்தக் கடைசி பெஞ்சில் உட்கார உங்களுக்கு வாய்ப்பே கிடைக்காது.

இனி 16 வாரம். எந்தப் பள்ளி என்பதில் உங்களுக்குச் சிறிதாவது தேர்வு இருந்தால், உங்களுக்குப் பழக்கமில்லாத பகுதிப் பள்ளியைக் கேளுங்கள் என்பது என் கருத்து. வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் நம் மாவட்டம் சின்னதாக இருந்தாலும் உள்ளே ஒரே மாதிரி இல்லை. தோவாளைப் பக்கம் வயலும் பூவும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர். குளச்சலிலிருந்து மேற்கே போகப் போகக் கடல் தொழில். களியக்காவிளையை நெருங்கினால் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகள். மலையாள வழிப் பள்ளிகளே அங்கு உண்டு. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மாவட்டம் அல்லவா. நான் நாஞ்சில் நாட்டு வயல்காட்டுப் பக்கம். எனக்குக் கிடைத்ததோ மலையோரப் பள்ளி. அங்கே போனதால்தான் தாவரவியலைக் கற்பிக்க எனக்கு வழி தெரிந்தது.

ஒன்பதாம் வகுப்பில் தாவரத் திசுக்கள். சைலம் (நீர் கடத்தும் திசு), புளோயம் (உணவு கடத்தும் திசு), கேம்பியம் (புதுச் செல்களை உண்டாக்கும் திசு) என்று மூன்று பெயர்களைப் பலகையில் எழுதினாலே பிள்ளைகளின் முகம் மூடிக்கொள்ளும். எனக்கு வழிகாட்டி ஆசிரியராக இருந்த டீச்சர் வகுப்புக்கு முந்தின நாளே என்னிடம், "மக்களே, இந்த வகுப்புல பாதிப் பிள்ளையளுக்கு வீட்டுல ரப்பர் பால் வெட்டுதான் தொழில். அதுங்ககிட்டேருந்து தொடங்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் பெயர்களை எழுதவில்லை. ரப்பர் மரத்தில் எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்று கேட்டேன். வகுப்பே எழுந்துவிட்டது. ஆழமாக வெட்டினால் மரம் கெட்டுப்போகும், பட்டை ஒழுங்காக வளராது, முண்டு முண்டாக வரும் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். கொஞ்சம் தயங்கி வெட்டினால் பால் போதாது என்றும் சொன்னார்கள். பால் வரும் குழல்கள் பட்டையில், புளோயம் பகுதியில் இருக்கின்றன. அதற்கு உள்ளே மெல்லிய அடுக்காகக் கேம்பியம் இருக்கிறது. புதுப் பட்டை அதிலிருந்துதான் வளர வேண்டும், அதனால் கத்தி அதைத் தொடக் கூடாது. அவர்கள் சொன்னதற்குப் பெயர் வைப்பது மட்டும்தான் என் வேலையாக இருந்தது. ஏன் விடியற்காலையிலேயே வெட்டப் போகிறார்கள் என்ற கேள்வி அடுத்து வந்தது. வெயில் ஏறினால் இலை வழியே நீர் அதிகம் போய்விடும், செல்களின் விறைப்பு அழுத்தம் (உள்ளிருக்கும் நீர் தரும் அழுத்தம்) குறையும், பால் சீக்கிரம் நின்றுவிடும். நீராவிப்போக்கு என்ற அடுத்த பாடத்துக்கு அன்றைக்கே பாதை போட்டாயிற்று.

இதை ஒரு தந்திரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து தொடங்கு என்பது கல்வி உளவியல் தாளில் நீங்கள் படிக்கப் போவதுதான். உளவியலாளர் வைகாட்ஸ்கியின் அண்மை வளர்ச்சி மண்டலம் என்று பத்து மதிப்பெண் கேள்வி வரும். பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும், தெரிந்தவர் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடையில் உள்ள பகுதி என்று மனப்பாடம் செய்வார்கள். அந்த ரப்பர் வகுப்பை நினைத்துக்கொண்டால் மனப்பாடம் தேவைப்படாது. பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேயும் அப்படித்தான். ஏழு வயது முதல் பதினொன்று வரை கண்ணால் பார்ப்பதையும் கையால் தொடுவதையும் வைத்துச் சிந்திக்கும் நிலை, அதற்கு மேல் கருத்தளவில் சிந்திக்கும் நிலை என்கிறார். ஆறாம் வகுப்பில் அந்த இரண்டு நிலையிலும் பிள்ளைகள் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்து, இரண்டு உதாரணம் குறித்து வைத்துக்கொண்டால் விடைத்தாளில் உங்கள் சொந்த எடுத்துக்காட்டை எழுதலாம்.

கடலோரப் பள்ளிக்குப் போகிறவர்களுக்கும் இதே வழி உண்டு. தூத்தூர் பக்கம் ஆழ்கடலில் சுறா பிடிக்கப் போகும் குடும்பங்கள் இருக்கின்றன. சுறாவில் பல வகை குட்டி போடும் என்பதும், அதற்கு நம் நெத்திலி, சாளை மாதிரி முள் இல்லாமல் குருத்தெலும்பு இருப்பதும் அங்கே பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி இல்லை. முதுகெலும்பிகளின் வகைப்பாட்டை அங்கிருந்து தொடங்கலாம். சுசீந்திரம், தேரூர் பக்கம் என்றால் வாசலிலேயே குளம். சுசீந்திரம்-தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022-இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தன. சூழ்நிலை மண்டலம் நடத்த வேறு சார்ட் எதற்கு? தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, வழிகாட்டி ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு ஒரு பீரியட் போய் வாருங்கள்.

ரெக்கார்டு பற்றிச் சொல்லியாக வேண்டும். பாடத்திட்டம், அடைவுத் தேர்வு, தனியாள் ஆய்வு (ஒரே பிள்ளையைப் பற்றிய ஆய்வு), செயலாராய்ச்சி (வகுப்பில் கண்ட சிக்கலுக்கு நாமே தீர்வு தேடும் ஆய்வு) என்று நிறைய எழுத வேண்டியிருக்கும். எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள், சீனியரின் நோட்டும் கிடைக்கும். வாங்காதீர்கள். பாடத்திட்டத்தை முந்தின இரவு நீங்களே எழுதினால் மறுநாள் வகுப்பு உங்கள் தலைக்குள் ஒரு முறை நடந்து முடிந்திருக்கும். அலங்காரம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. நடத்தி முடித்த அன்றே ஓரத்தில் பென்சிலால் இரண்டு வரி எழுதுங்கள்: எந்தக் கேள்விக்கு வகுப்பு அமைதியானது, எது நேரத்தைத் தின்றது. செய்முறைத் தேர்வுக்கு வரும் வெளித் தேர்வாளர் உங்கள் பாடத்திட்டத்தைப் புரட்டிக் கேள்வி கேட்கும்போது, அந்த வரிகளிலிருந்து தயங்காமல் பேசலாம்.

தனியாள் ஆய்வில் மட்டும் ஒரு கண்டிப்பு. அது ஒரு பிள்ளையின் வாழ்க்கை. அப்பா வளைகுடா நாட்டில், அம்மா தனியாக, அல்லது 2017 ஒக்கி புயலில் யாரையோ இழந்த வீடு என்று நம் மாவட்டத்தில் பல கதைகள் வரும். பிள்ளையின் பெயரையோ ஊரையோ எழுத வேண்டாம். சக பயிற்சியாளர்களிடம் பேசவும் வேண்டாம். படிப்பில் ஒரு சின்ன முன்னேற்றத்துக்கு உங்களால் என்ன செய்ய முடிந்தது என்பதை மட்டும் எழுதுங்கள்.

கடைசியாக ஆசிரியர் தகுதித் தேர்வு. தொடக்கப் பள்ளி ஆசிரியர் பணிக்கு பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே 6 முதல் 8 வரை வகுப்புகளுக்கான இரண்டாம் தாள்தான் உங்களுக்கு. 150 கேள்வி, 150 மதிப்பெண், 3 மணி நேரம். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, மீதி 60 கணிதமும் அறிவியலும் அல்லது சமூக அறிவியல். ஒரு முறை தேறினால் ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனால் தமிழகத்தில் இதில் தேறினால் மட்டும் பட்டதாரி ஆசிரியர் வேலை கிடைத்துவிடாது. நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வும் உண்டு.

தடித்த கைடுகளை வாங்குவதற்கு முன் 6 முதல் 10 வரையிலான பள்ளிப் புத்தகங்களை வரி விடாமல் படியுங்கள். 16 வாரமும் அந்தப் புத்தகம் உங்கள் கையில்தானே இருக்கப் போகிறது. கற்றல் நோக்கங்களைப் படிப்படியாக அடுக்கும் புளூமின் வகைப்பாட்டில் 1956 வரிசையையும் 2001-இல் திருத்திய வரிசையையும் சேர்த்துப் பாருங்கள்: பழையதில் உச்சியில் மதிப்பிடல், புதியதில் உருவாக்கல். கேள்வியில் எந்த வரிசையைக் கேட்கிறார்கள் என்று நிதானமாகப் பார்த்து விடை எழுத வேண்டும். உயிரியல் படித்தவர்களுக்குக் கணிதம்தான் பயம். ஆறாம் வகுப்பு எண்களிலிருந்து தினமும் அரை மணி நேரம், பயிற்சிக் காலத்திலேயே தொடங்குங்கள். பள்ளியில் கணித டீச்சர் பக்கத்து நாற்காலியில் இருப்பார். ஓய்வு பீரியடில் போய்க் கேட்டால் சந்தோஷமாகச் சொல்லித் தருவார்.