ஒரு மணல் துகள் போட்ட கோடு

எங்கள் வீட்டுக் கடல் மீன் தொட்டியின் முன் கண்ணாடியில், இடது மூலையில் சாய்வாக ஒரு கீறல் இருக்கிறது. வருகிறவர்கள் மீனைப் பார்ப்பார்கள். என் கண் கீறலுக்குத்தான் போகும், போட்டவன் நான் என்பதால்.

தொட்டி 3 அடி நீளம். அகலமும் உயரமும் ஒன்றரை அடி. ஏறக்குறைய 190 லிட்டர் பிடிக்கும். கொளத்தூரில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கிச் சேர்த்த சாமான்கள். பவள மணல் விலை கட்டுப்படியாகாமல் பாதிக்குச் சிலிக்கா மணலைக் கலந்து போட்டேன். சிலிக்கா கண்ணாடியைவிடக் கடினமானது என்று அப்போது உறைக்கவில்லை.

முதலில் வந்தது பழுப்புப் படலம். விரலால் தடவினாலே போய்விடும். அப்புறம் பச்சைப் பாசி. அதற்கு, கண்ணாடிக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக ஒட்டி நிற்கும் காந்தத் துடைப்பான் வாங்கினேன். கை நனையாமல் வேலை முடிகிறதே என்று ஒரே குஷி. ஒரு நாள் ஃபோன் பேசிக்கொண்டே மணல் மட்டம் வரை இழுத்துவிட்டேன். “என்னங்க, கிர்ருன்னு ஏதோ சத்தம்?” என்றாள் மனைவி. பாசி பெயர்கிற சத்தம் என்றேன். மறுநாள் காலை விளக்கு எரிந்ததும் தெரிந்தது, பெயர்ந்தது எதுவென்று.

இப்போது காந்தத்தைத் தொடுவதற்கு முன் உள் துண்டை வெளியே எடுத்து, துணிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். ஒரு துகள் நெருடினாலும் மறுபடி அலசல்தான். மேலிருந்து கீழே மெதுவாக வந்து, மணலுக்கு நாலு விரல் மேலேயே நிறுத்திவிடுவேன். மிச்சத்துக்குக் காலாவதியான ஏடிஎம் கார்டு. மணலிலிருந்து மேல்நோக்கி மட்டும் வழிப்பேன். கையை விடுவதற்கு முன் பம்பு, ஹீட்டர் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். உப்புத் தண்ணீரும் கரண்டும் விளையாட்டில்லை. முழங்கை வரை கழுவிக்கொள்ளவும் வெறும் தண்ணீர்தான், சோப்பு கூடாது.

கார்டுக்கு மசியாதது ரோஸ் நிறக் கோரலைன் பாசி. சுண்ணாம்பு கட்டிய பாசி அது. கைப்பிடியில் புது பிளேடு மாட்டி, கண்ணாடியோடு படிய வைத்துத் தள்ளினால் சில்லு சில்லாக உதிரும். பிளேடின் முனை குத்தினால் இன்னொரு கோடு விழும். மூலைகளில் இருக்கும் சிலிக்கான் ஒட்டுப்பசை பக்கம் பிளேடு போகவே கூடாது. ஒட்டு அறுந்தால் தண்ணீர் கூடத்தில்தான். அங்கே பழைய டூத் பிரஷ். வேலை முடிந்ததும் பிளேடை நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்காவிட்டால் அடுத்த முறைக்குள் துருவேறிவிடும். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் பிளாஸ்டிக் தொட்டி என்றால் உலோக பிளேடையே மறந்துவிடுங்கள்.

வேலைக்கு வரும் அக்கா ஒரு நாள் வெளிப்பக்கத்துக்குக் கண்ணாடி ஸ்ப்ரேயோடு வந்துவிட்டார். ஓடிப்போய்த் தடுத்தேன். சிலவற்றில் அம்மோனியா இருக்கும், மேலே திறந்த தொட்டியில் சாரல் விழுந்தால் போச்சு. ஈரத் துணியே போதும்.

பவளம் போல ஒட்டிப் படரும் ஜோவாந்திட் பாலிப்கள் என்ற சின்ன உயிரினங்கள் கண்ணாடியில் படர்ந்திருந்தால் மட்டும் நான் துணிவதில்லை. அவற்றில் சிலவற்றில் பேலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கும். சுரண்டும்போது கண்ணில் தெறித்தாலே ஆபத்து. கையுறையும் பாதுகாப்பு மூக்குக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளும் அனுபவசாலிகளுக்கு அந்த வேலையை விட்டுவிட்டேன்.

போர் தண்ணீரை விட்டு ஆர்ஓ தண்ணீருக்கு மாறி, 12 மணி நேரம் எரிந்த விளக்கை 8 ஆகக் குறைத்த பிறகு, இரண்டு நாளைக்கு ஒரு முறை துடைத்த கண்ணாடி வாரம் தாங்குகிறது.

அந்தக் கீறலைத் தவிர. பாசி முதலில் பிடிப்பது அந்தப் பள்ளத்தில்தான். மூன்றாம் நாளே பச்சைக் கோடாகத் தெரியும். காந்தம் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். டூத் பிரஷை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.