உதவி கேட்டு அனுப்பும் மெயில் ஸ்பேமில் விழாமல் இருக்க

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் அந்த 61 நாளும் கஷ்டம். அறக்கட்டளைகள் உதவி கேட்டு எழுத வேண்டிய காலமும் அதுதான். அந்த மெயில் ஸ்பேமில் கிடந்தால் கேட்டதாகவே ஆகாது.

‘நன்கொடை’, ‘இலவசம்’ போன்ற சொற்களைத் தவிர்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சொல்லைவிட முக்கியமாகப் பார்க்கப்படுவது அனுப்புகிறவர் யார், அவர் முன்பு அனுப்பிய மெயில்கள் வந்தவர்கள் அவற்றை என்ன செய்தார்கள் என்பதுதான்.

இலவச ஜிமெயில் கணக்கில் பிசிசி (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத வசதி) போட்டு அனுப்புவதை விடுங்கள். ஒரு நாளைக்கு 500 பேர்தான் அதன் வரம்பு. அந்த ஜிமெயில் முகவரியையே மொத்தமாக அனுப்பும் சேவையில் போட்டால் இன்னும் மோசம். ஜிமெயில் பெயரில் வேறு யாரோ அனுப்புவதாகவே அது தெரியும். சொந்த டொமைன் (இணையப் பெயர்) வாங்கி, அதன் டிஎன்எஸ்-ல், அதாவது டொமைனின் விவரப் பதிவேட்டில், மூன்றைச் சேர்க்க வேண்டும்: உங்கள் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப், மெயிலுக்கு டிஜிட்டல் கையெழுத்தான டிகேஐஎம், இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க். ஜிமெயிலும் யாகூவும் 2024 பிப்ரவரியிலிருந்து இதில் கண்டிப்பாக இருக்கின்றன.

பெரும்பாலும் தப்பு நடப்பது எஸ்பிஎஃப்-ல். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். கூகுளுக்கு ஒன்று இருக்கும்போது அனுப்பும் சேவைக்கு இன்னொன்றைத் தனியாகச் சேர்த்தால் இரண்டுமே செல்லாமல் போகும்; ஒரே வரியில் இணைக்க வேண்டும். அதற்குள் டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டினாலும் தோல்விதான். டிகேஐஎம் சாவி 2048 பிட் இருக்கட்டும். முடித்ததும் உங்கள் ஜிமெயிலுக்கே ஒன்று அனுப்பி, மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ திறந்து பாருங்கள். மூன்றுக்கும் நேரே ‘பாஸ்’ என்று வர வேண்டும்.

இதெல்லாம் ஒரு மாலை வேலை. பட்டியல்தான் வருஷம் முழுக்க வேலை. விலைக்கு வாங்கிய முகவரிகள் வேண்டவே வேண்டாம். தீர்த்தமாட வந்தவர்கள் நோட்டில் எழுதிக் கொடுத்ததையும் அப்படியே ஏற்றாதீர்கள். கையெழுத்தைத் தவறாகப் படித்தால் மெயில் திரும்பி வரும், திரும்பி வருவது கூடக் கூட டொமைனின் பெயர் கெடும். எழுதிக் கொடுத்த அன்றே உறுதி கேட்டு ஒரு மெயில் அனுப்பி, இணைப்பைத் தட்டியவர்களை மட்டும் சேருங்கள். ஓராண்டாக ஒன்றையும் திறக்காதவரை எடுத்துவிடுங்கள். ‘இனி வேண்டாம்’ இணைப்பைத் தெளிவாக, ஒரே தட்டில் வேலை செய்யும்படி வையுங்கள். அது கண்ணில் படாதவர் ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்துவார், அதன் சேதம் பெரிது. ஜிமெயில் கணக்கிடும் அந்தப் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது, 0.1-க்குக் கீழே இருப்பதுதான் பாதுகாப்பு.

கீழக்கரை, தொண்டியிலிருந்து வளைகுடா போனவர்களுக்கு எழுதும்போது ஒரு விஷயம். இந்தியக் குடிமக்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவரிடம் வாங்க எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். இரு பட்டியலையும் தனியாக வையுங்கள்.

மெயிலுக்குள் நோட்டீஸ் போல ஒரே ஜேபிஜி படம் வைப்பது இங்கே பரவலான பழக்கம். படம் திறக்காத போனில் வெறும் வெள்ளைதான் தெரியும். எழுத்தில் எழுதுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை, எல்லாக் கருவியிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். சுருக்கிய இணைப்பு, ஜிபே க்யூஆர் படம், தனிநபர் போன் எண் இவற்றோடு பணம் கேட்டால் மோசடி மெயிலுக்கும் உங்களுடையதற்கும் வித்தியாசமே இருக்காது. வங்கிக் கணக்கு விவரமும் 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் பிரிவு) பதிவு எண்ணும் உங்கள் இணையதளத்தில் இருக்கட்டும்; மெயிலில் அந்தப் பக்கத்தின் முழு முகவரி போதும். தலைப்பில் ‘அவசரம்!!!’ வேண்டாம். ‘சின்னப்பாலம் பாசி எடுக்கும் பெண்களுக்குக் கையுறை: ஜூன் மாதக் கணக்கு’ என்றால் திறக்கத் தோன்றும். படங்கள் சேராமல் மெயிலின் எழுத்தும் வடிவமைப்புக் குறியீடும் (எச்டிஎம்எல்) 102 கேபி தாண்டினால் ஜிமெயில் அடியை வெட்டிவிடும், ‘இனி வேண்டாம்’ இணைப்பும் அதோடு போய்விடும்.

பத்து மாதம் பேசாமல் இருந்துவிட்டு ஏப்ரலில் மூவாயிரம் பேருக்கு ஒரே நாளில் அனுப்புவதுதான் மிகப் பெரிய தவறு. மாதம் ஒன்றாவது போகட்டும். ஏற்கெனவே ஸ்பேமில் விழத் தொடங்கியிருந்தால் மொத்த அனுப்பலை நிறுத்துங்கள். சமீபத்தில் பதில் போட்ட ஐம்பது நூறு பேருக்கு மட்டும், பணம் கேட்காத, போன உதவி யாருக்குப் போனது என்று சொல்லும் மெயில் அனுப்புங்கள். அவர்கள் திறந்து பதிலும் போட்டால், அடுத்தடுத்த வாரங்களில் ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.