பாராளுமன்றம் வரை போன கரண்ட் பில்

ஃபோன் அடித்தபோது பால் வண்டி கடை வாசலில் நின்றது. ஒரு கையில் பால் கூடை, மறு கையில் ஃபோன். அந்தப் பக்கம் ஒரு மின்சாரத் தரகர். கடையின் பழைய ஒப்பந்தம் முடியப்போகிறது, இன்று பின்னேரம் ஐந்து மணிக்குள் ஓம் சொன்னால் யூனிட் 68 பென்ஸ், நாளைக்கு என்ன விலை என்று தனக்கே தெரியாது என்றார். அதுவரை நான் கட்டிக்கொண்டிருந்தது 18 பென்ஸ். 2022 ஒகஸ்ட் கடைசிக் கிழமை அது. ரஷ்யா ஐரோப்பாவுக்குப் போகும் எரிவாயுவை இறுக்கிக்கொண்டிருந்த நேரம். டிவியைப் போட்டால் விலை ஏறும் செய்திதான். நான் ஓம் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு.

வடமேற்கு லண்டனில் ஒரு மூலைக்கடை என்னுடையது. பால், பாண், பியர், லொட்டரி, ஒரு ஓரத்தில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும். கதவில்லாத பால் குளிரூட்டி ஒன்று, பியருக்கு இரண்டு, ஐஸ்கிறீம் பெட்டி இரண்டு, பின்னறையில் பெரிய ஃபிரீசர். இரவு கடையைப் பூட்டிவிட்டுப் போனாலும் இவை ஓடிக்கொண்டேயிருக்கும். மாதம் நாலாயிரம் யூனிட் வரும். 18 பென்ஸில் 720 பவுண். 68 பென்ஸில் 2,720. கணக்குப் பார்த்த இரவு மனைவி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக் கரண்டுக்கு ஒஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. கடைக்கு அது கிடையாது. வீட்டு ஒப்பந்தம் என்றால் பதினான்கு நாளுக்குள் மனம் மாறலாம். கடை ஒப்பந்தத்தில் ஃபோனில் சொன்ன ஓம், ஓம்தான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஒக்டோபரில் அரசின் நிவாரணத் திட்டம் வந்தது. மின்சாரத்தின் மொத்தச் சந்தை விலையை யூனிட்டுக்கு 21.1 பென்ஸ் என்று வைத்து, அதற்கு மேலே உள்ளதை அரசு ஏற்றுக்கொண்டது. என் யூனிட் 38 பென்ஸுக்கு இறங்கியது. மூச்சு விட்டோம். ஆனால் அது ஆறு மாதத்துக்கு மட்டும், 2023 மார்ச் 31 வரை. அதற்குப் பிறகு என்ன என்பதை ஜனவரி 9ஆம் திகதி அறிவித்தார்கள். ஏப்ரல் முதல் ஒரு வருடத்துக்கு, மின்சாரத்தில் அதிகபட்ச விலைக் கழிவு ஒரு மெகாவாட்-மணிக்கு, அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு, 19.61 பவுண். கேட்க நல்ல தொகை மாதிரி இருக்கும். ஆயிரத்தால் பிரித்தால் யூனிட்டுக்கு இரண்டு பென்ஸ்கூட இல்லை. என் கடைக்கு மாதம் 78 பவுண். இரும்பாலை, கண்ணாடித் தொழிற்சாலை போன்றவற்றுக்குக் கூடிய கழிவு கொடுத்தார்கள். நூலகமும் அருங்காட்சியகமும்கூட அந்தப் பட்டியலில் இருந்தன. மூலைக்கடை இல்லை.

அன்றிரவே எம்.பி.க்குக் கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். 1990களில் இந்த நாட்டுக்கு வந்தது, பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு வேலை செய்தது, கடை எடுத்தது, கொரோனா நேரம் ஒரு நாள்கூட மூடாதது எல்லாம் அதில் இருந்தன. மகள் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"அப்பா, இதில கேள்வி எங்க இருக்கு? நீங்கள் சண்டையெல்லோ பிடிக்கிறியள்."

அவள் சொன்னது அப்போது எனக்குப் பிடிக்கவில்லை. கடிதத்தை அப்படியே அனுப்பினேன்.

முதல் தடங்கல் என் பிழை. நான் எழுதியது வீட்டுத் தொகுதி எம்.பி.க்கு. கடை இருப்பது தெருவுக்கு அந்தப் பக்கம், வேறு தொகுதி. ஒரு எம்.பி. இன்னொருவரின் தொகுதி விஷயத்தில் கைவைப்பதில்லை என்பது அங்கே எழுதாத சட்டம். பதில் மரியாதையாகத்தான் வந்தது: கடை இருக்கும் தொகுதியின் எம்.பி.யைக் கேளுங்கள், அஞ்சல் குறியீட்டைக் கட்டாயம் எழுதுங்கள். இதில் இரண்டு கிழமை போயிற்று. யாராவது இந்த வேலையில் இறங்குவதென்றால் முதலில் கடையின் அஞ்சல் குறியீட்டைப் பாராளுமன்ற இணையத்தளத்தில் போட்டு அது யார் தொகுதி என்று பாருங்கள்.

இரண்டாவது எம்.பி. வெள்ளிக்கிழமைகளில் ஒரு தேவாலய மண்டபத்தில் மக்களைச் சந்திப்பார். சேர்ஜரி என்பார்கள். முதல் தடவை அந்தச் சொல்லைக் கேட்டபோது டொக்டரிடம் போவது மாதிரித்தான் எனக்குப் பட்டது. போய் உட்கார்ந்த பிறகும் அப்படித்தான் இருந்தது. எனக்கு முன்னால் வீட்டுச் சுவரில் பூஞ்சணம் பிடித்த ஒரு தாய், விசாப் பிரச்சினையோடு ஒரு பொடியன். எனக்குப் பத்து நிமிடம். நல்ல வேளையாக மகள் ஒரு தாளில் நாலு வரிதான் எழுதித் தந்திருந்தாள்: மாதப் பாவனை, பழைய விலை, புதிய விலை, ஏப்ரலுக்குப் பிறகு வரும் தொகை. எம்.பி. அந்தத் தாளைத்தான் பார்த்தார். பெட்ரோல் ஸ்டேஷன் கதையைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் எம்.பி.யின் அலுவலகத்திலிருந்து ஓர் இளம் ஆய்வாளர் கூப்பிட்டார். அவரோடு கதைத்த அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் பாராளுமன்றக் கேள்வி என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது.

நான் நினைத்திருந்தது இப்படி: கொள்ளை அடிக்கும் கொம்பனிகளை இந்த அரசு ஏன் வேடிக்கை பார்க்கிறது? அவர் சிரிக்கவில்லை. எழுத்துமூலக் கேள்விகளைப் பரிசோதிக்க டேபிள் ஒஃபிஸ் என்று ஓர் அலுவலகம் இருக்கிறது, இது அந்த வாசலைத் தாண்டாது என்றார். கேள்வியில் வாதம் இருக்கக்கூடாது. கேட்பது அமைச்சரின் பொறுப்புக்குள் இருக்க வேண்டும். ஒன்றில் தகவல் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு நடவடிக்கையை வலியுறுத்த வேண்டும். சொல்லும் விஷயத்துக்கு ஆதாரம் வேண்டும்.

சரி, அப்படியென்றால் என்னைப் போல் 2022 கோடையில் மாட்டுப்பட்ட கடைகள் எத்தனை என்று கேளுங்கள் என்றேன். அதில் வேறு சிக்கல். தகவலைத் திரட்ட 850 பவுணுக்கு மேல் செலவாகுமென்றால், செலவு அளவுக்கு மீறியது என்று சொல்லித் துறை பதிலைத் தவிர்க்கலாம். ஒப்பந்த விவரம் இருப்பதோ தனியார் நிறுவனங்களிடம். எண்ணிக்கை கேட்டால், கைவசம் இல்லை என்று ஒரு வரியில் முடிந்துவிடும்.

கடைசியில் இரண்டு கேள்விகளாக வெட்டினோம். விலை உச்சத்தில் இருந்தபோது நிலையான விலைக்கு ஒப்பந்தம் செய்த மிகச் சிறு வணிகங்களை ஏப்ரலுக்குப் பிறகான கழிவு எப்படிப் பாதிக்கும் என்று அமைச்சர் மதிப்பீடு செய்திருக்கிறாரா என்பது ஒன்று. அந்த ஒப்பந்தங்களைத் திருத்தி எழுத இடம் கொடுப்பது பற்றி ஒஃப்ஜெமோடு பேசியிருக்கிறாரா என்பது மற்றது. "மதிப்பீடு" என்ற சொல்தான் கொக்கி என்றார் ஆய்வாளர். செய்தோம் என்றால் எங்கே அது என்று அடுத்த கேள்வி போடலாம். செய்யவில்லை என்றால் ஏன் என்று கேட்கலாம். என் மூன்று பக்கக் கோபம் நாற்பது சொல்லுக்குள் அடங்கிவிட்டது. என் பெயரில்லை, கடையின் பெயரில்லை. கொஞ்சம் வலித்தது, உண்மையைச் சொன்னால்.

சாதாரண எழுத்துமூலக் கேள்விக்கு ஒரு கிழமை அளவில் பதில் வருவது வழக்கம். இன்ன நாளில் வேண்டும் என்றும் போடலாம், ஆனால் ஓர் எம்.பி.க்கு ஒரு நாளைக்கு அப்படி ஐந்துதான். எங்களுடையது சாதாரணம். போட்டு நாலைந்து நாள் இருக்கும், 2023 பெப்ரவரி 7ஆம் திகதி பிரதமர் ரிஷி சுனக் அமைச்சுகளை மாற்றி அடுக்கினார். வணிகம், எரிசக்தி, கைத்தொழில் மூன்றையும் சேர்த்துப் பார்த்த துறை இல்லாமல் போயிற்று. எரிசக்தி ஒரு துறைக்கு, வணிகம் இன்னொன்றுக்கு, விஞ்ஞானம் மூன்றாவதுக்கு. கடைக்காரனின் கரண்ட் பில் எரிசக்தியா வணிகமா என்று ஆய்வாளரைக் கேட்டேன். நல்ல கேள்வி, ஆனால் அதையும் போட முடியாது என்றார்.

பதில் வந்தது. எந்தத் துறை, எந்த அமைச்சர் என்பதை இங்கே விட்டுவிடுகிறேன். இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே பதில். திட்டம் எவ்வளவு பெரியது, எத்தனை மாதம் உதவினோம், வரி செலுத்துவோரின் பணத்தையும் பார்க்க வேண்டும், நிறுவனங்களோடு பேசுங்கள். மதிப்பீடு என்ற சொல் பதிலில் எங்கேயும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆய்வாளருக்கோ சந்தோஷம். கேட்டதற்குப் பதில் இல்லை என்பதே இப்போது பதிவில் இருக்கிறது, இதை வைத்து வாய்மூலமாகக் கேட்கலாம் என்றார்.

வாய்மூலக் கேள்வி குலுக்கல். ஒவ்வொரு துறைக்கும் ஏறக்குறைய ஐந்து கிழமைக்கு ஒரு முறை வரும். எம்.பி.க்கள் பெயர் கொடுப்பார்கள், கணினி கலைத்து வரிசைப்படுத்தும். எங்கள் எம்.பி.யின் பெயர் முதன்மை வரிசையில் வரவில்லை. கடைசியில் வரும் நடப்புவிவகாரக் கேள்விகளில் வந்தது. அது இன்னும் நல்லது என்று பிறகு விளங்கியது. அந்தப் பகுதிக்குக் கேள்வியை முன்கூட்டி எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. அமைச்சருக்கு யார் எழும்புவார் என்று தெரியும், என்ன கேட்பார் என்று தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டு நானும் மகளும் வெஸ்ட்மின்ஸ்டர் போனோம். விமான நிலையம் மாதிரிச் சோதனை. காலைப் பிரார்த்தனை முடியும்வரை பார்வையாளரை உள்ளே விடமாட்டார்கள். மேலே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து பார்த்தால் சபை டிவியில் காண்பதைவிடச் சின்னது. ஒவ்வொரு பதில் முடிந்ததும் பேச விரும்புகிற எம்.பி.க்கள் எழும்பி நிற்பதும், சபாநாயகர் கூப்பிடாவிட்டால் இருப்பதும், திரும்ப எழும்புவதுமாக, ஐஸ்கிறீம் பெட்டியைச் சுற்றி நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி. நீட்டிக் கேட்டவர்களைச் சபாநாயகர் லின்ஸி ஹொயில் சுருக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அமைச்சரின் கையில் தடித்த கோப்பு, விளிம்பெல்லாம் நிறநிறமாக ஒட்டுத்தாள்.

எங்கள் எம்.பி.க்கு அரை நிமிடம் கிடைத்திருக்கும். தன் தொகுதியில் ஒரு கடைக்காரர், யூனிட் 68 பென்ஸ், ஏப்ரலிலிருந்து கழிவு இரண்டு பென்ஸுக்கும் குறைவு, மதிப்பீடு செய்தீர்களா என்று கேட்டும் பதிலில்லை, இப்போதாவது சொல்வீர்களா. மகள் என் முழங்கையைப் பிடித்தாள். அமைச்சர் கோப்பில் ஒரு தாளைப் புரட்டிவிட்டு, ஒஃப்ஜெம் வணிகச் சந்தையை ஆராய்ந்துகொண்டிருக்கிறது, அந்தக் கடையின் விவரத்தை எனக்கு அனுப்புங்கள், அதிகாரிகளைப் பார்க்கச் சொல்கிறேன் என்றார். முடிந்தது. அடுத்தவர் காற்றாலை பற்றி எழும்பிவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது, அவ்வளவுதானா என்றேன். "இல்லையப்பா, அனுப்பச் சொன்னவரெல்லோ. அது ஹன்சார்டில வரும்" என்றாள். ஹன்சார்ட் என்பது பாராளுமன்றப் பேச்சுகளைப் பதியும் ஏடு. அடுத்த நாள் அதில் வந்தது. எம்.பி.யின் அலுவலகம் அந்தப் பக்கத்தையும் என் பில்லையும் சேர்த்து அமைச்சருக்குக் கடிதம் போட்டது.

அந்தக் கடிதத்துக்கு வந்த பதில்தான் எனக்கு உண்மையில் பயன்பட்டது. பத்துக்குக் குறைந்த வேலையாட்களும் இருபது லட்சம் யூரோவுக்கு மேற்படாத வருட விற்பனையும் உள்ள கடை, அல்லது வருடம் ஒரு லட்சம் யூனிட்டுக்கு மேல் எரிக்காத கடை, மிகச் சிறு வணிகம் என்ற வகைக்குள் வரும். என்னுடையது 48,000. அந்த வகைக்குள் வந்தால் மின்சார நிறுவனத்திடம் முறைப்பாடு செய்து எட்டுக் கிழமையில் தீராவிட்டால், இப்படியான தகராறுகளை விசாரித்துத் தீர்க்கும் எரிசக்தி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். காசு கட்டத் தேவையில்லை. இது எனக்கு 2022இலேயே இருந்த உரிமை. பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியும் இருந்தது. நான் பில்லின் பின்பக்கத்தைப் பார்க்கிற ஆள் இல்லை.

முறைப்பாடு செய்தபோது இன்னொன்று வெளியே வந்தது. தரகரின் கூலி யூனிட்டுக்கு மூன்று பென்ஸ், விலைக்குள்ளேயே ஒளிந்திருந்தது. இரண்டு வருடத்துக்கு 2,880 பவுண். ஃபோனில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. தன் சேவை இலவசம் என்றுதான் சொன்ன ஞாபகம். 2022 டிசெம்பர் 1 முதல் மிகச் சிறு வணிகங்களோடு வேலை செய்யும் தரகர்கள் ஒரு தகராறு தீர்வுத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. என் ஒப்பந்தம் ஒகஸ்ட். மூன்று மாதம் முந்திவிட்டேன். தரகரை ஒன்றும் செய்ய முடியவில்லை. நிறுவனம் ஒம்புட்ஸ்மன் வரை போகவிடாமல் 600 பவுணை என் கணக்கில் வரவு வைத்தது. ஒப்பந்தத்தை மாற்ற மாட்டோம் என்றது, மாற்றவுமில்லை.

600 பவுணுக்காக இவ்வளவா என்று மைத்துனர் இப்போதும் கேட்பார். பால் குளிரூட்டிக்குக் கண்ணாடிக் கதவு போட்டேன், ஒரு ஐஸ்கிறீம் பெட்டியை நிறுத்தினேன். அதில் மிஞ்சியது அதைவிடக் கூட. அவர் சொல்வதும் சரிதான். ஆனால் அந்த மூன்று பென்ஸ் கதவு போட்டுக் கண்டுபிடித்ததில்லை.

2024 கோடையில் ஒப்பந்தம் முடிகிற நேரம் திரும்ப ஒரு தரகர் கூப்பிட்டார். 27 பென்ஸ், இன்றைக்கு மட்டும் என்றார். யூனிட்டுக்கு உங்கள் கூலி எவ்வளவு, எழுத்தில் அனுப்புங்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அனுப்புகிறேன் என்றார். இன்னும் வரவில்லை.